குதிரைக் குளம்பு நோய்கள்

குதிரைக் குளம்பு நோய்கள் என்பவை குதிரையின் பாதத்தைச் சூழ்ந்துள்ள கொம்புப் பொருளாலான உறையையும், அதனுள் அமைந்துள்ள எலும்பு, மூட்டு, தசைநாண், மென்மையான இழையங்கள் ஆகியவற்றையும் தாக்கும் நோய்களும் காயங்களும் ஆகும். இவற்றின் முதன்மையான வெளிப்பாடு நொண்டுதல் ஆகும். குதிரையின் முன்னங்காலில் தோன்றும் நொண்டுதலுக்குப் பெரும்பாலும் பாதமே காரணமாக இருப்பதால், நொண்டும் குதிரையின் தோள், முழங்கால் முதலியவற்றை ஆராயுமுன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பது கால்நடை மருத்துவத்தின் அடிப்படை வழக்கமாகும். "குளம்பு இல்லையேல் குதிரை இல்லை" என்னும் பொருளுடைய பழமொழி ஐரோப்பியக் குதிரை வளர்ப்போரிடையே வழங்குகிறது.

குளம்பு நோய்களுள் பலவும் அன்றாடத் துப்புரவு, முறையான சீவுதல், அளவான தீவனம் ஆகியவற்றால் தடுக்கக் கூடியவை. தொடக்க நிலையில் கண்டறிந்தால் குணமாகும் நோய்கள், சில நாட்கள் கவனியாது விடப்பட்டால் குதிரையின் உயிருக்கே முடிவாக அமையலாம்.

குளம்பின் அமைப்பு

குதிரை ஒற்றைக் குளம்பு விலங்கு ஆகும். மாடு, ஆடு, மான் ஆகியவற்றின் குளம்பு இரண்டாகப் பிளவுபட்டிருக்க, குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில் நிற்கிறது. சுமார் 400 முதல் 500 கிலோகிராம் வரையான உடல் எடை இந்த நான்கு விரல் நுனிகளின் மீது தங்குகிறது. இதில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. முன்னங்கால் குளம்புகளில் நோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

குளம்பின் வெளிப்பகுதிகள் பின்வருமாறு:

குளம்புச் சுவர்: நிற்கும் குதிரையில் வெளியே தெரியும் கடினமான பகுதி. மனித நகத்தைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மயிர் முடியும் இடத்தில் உள்ள மேல் வளையத்திலிருந்து கீழ்நோக்கி மாதத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. எனவே குளம்பின் முன்முனை முழுவதும் புதிதாக வளர 9 முதல் 12 மாதங்கள் வரை ஆகும்.

அடித்தட்டு: குளம்பைத் தூக்கினால் தெரியும், சற்றே உட்குழிந்த அடிப்பகுதி.

முக்கோணத் திண்டு: ஃபிராக் எனப்படுவது. அடித்தட்டின் பின்பகுதியில் முக்கோண வடிவில் அமைந்த, இரப்பர் போன்ற தன்மையுடைய பகுதி. இதன் இருபுறமும் பள்ளங்கள் உள்ளன.

வெண்கோடு: சுவரும் அடித்தட்டும் கூடும் இடத்தில் உள்ள, வெளிர்மஞ்சள் நிறமான மெல்லிய வரம்பு. லாட ஆணிகள் இக்கோட்டிற்கு வெளியே அமைந்த சுவரில் மட்டுமே அடிக்கப்பட வேண்டும். சுவரின் வெளிப்பகுதியில் நரம்பும் குருதிக் குழாயும் இல்லாமையால் அங்கு அடிக்கப்படும் ஆணி வலி தருவதில்லை.

குளம்பினுள்ளே குளம்பெலும்பு, அதன் பின்புறம் படகு வடிவில் உள்ள சிறிய படகெலும்பு, இவ்வெலும்பின் மேலாகச் சென்று குளம்பெலும்பில் இணையும் ஆழ்மடக்குத் தசைநாண், குதிப்பகுதியில் அதிர்வைத் தாங்கும் மெத்தை போன்ற இழையம் ஆகியவை உள்ளன.

குளம்பெலும்பு அடித்தட்டின் மீது அமர்ந்திருப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் அது சுவரின் உட்புறத்தில் தொங்கவிடப்பட்டுள்ளது. சுவரின் உட்புறத்திலிருந்து ஏறத்தாழ 550 முதல் 600 வரையான மென்தகடுகள் புறப்பட்டு, எலும்பைச் சூழ்ந்த இழையத்தின் தகடுகளுடன் இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் பிணைந்துள்ளன. ஒவ்வொரு தகட்டிலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்தகடுகள் உண்டு. குதிரையின் எடை முழுவதையும் தாங்கும் இப்பிணைப்பு தளர்ந்தால் எலும்பு கீழிறங்கத் தொடங்கும்.

நொண்டுதலைக் கண்டறிதல்

நொண்டுதல் என்பது ஒரு நோயன்று. வலியையோ இயக்கத் தடையையோ காட்டும் அறிகுறியாகும். நோயறிதல் பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

வரலாறு அறிதல்

நொண்டுதல் திடீரெனத் தோன்றியதா, மெல்ல மெல்ல வளர்ந்ததா, கடைசியாக லாடம் அடித்த நாள் எது, தீவனத்தில் மாற்றம் உண்டா, அண்மையில் காய்ச்சலோ கழிச்சலோ இருந்ததா என்பன உரிமையாளரிடம் கேட்டறியப்படும். லாடம் அடித்த சில நாட்களுக்குள் நொண்டுதல் தோன்றினால், ஆணி உட்புற இழையத்தைத் தொட்டிருக்கலாம் என்ற ஐயம் எழும்.

நிற்கும் நிலையிலும் நடையிலும் பார்த்தல்

நலமுள்ள குதிரை பின்னங்கால்களை மாற்றி மாற்றித் தளர்த்தி நிற்பது இயல்பு. முன்னங்காலை முன்னே நீட்டி வைத்துத் தளர்த்தி நிற்பது பெரும்பாலும் வலியின் அடையாளம் ஆகும்.

பின்னர் கடினமான சமதளத்தில் குதிரை நேர்க்கோட்டில் நடத்தப்பட்டு, நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டத்தில் ஓட்டப்படும். வலியுள்ள முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை உயர்த்தும்; நலமான கால் படும்போது தலையைத் தாழ்த்தும். பின்னங்கால் வலியெனில் அப்பக்க இடுப்பின் ஏற்ற இறக்கம் மிகுதியாகத் தெரியும். வட்டமாக ஓட்டும்போது உட்புறக் காலின் வலி பெரும்பாலும் தெளிவாகப் புலப்படும்.

அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் அளவுகோல் நொண்டுதலை 0 முதல் 5 வரை வகைப்படுத்துகிறது. இதில் 0 என்பது எந்நிலையிலும் நொண்டுதல் தெரியாத நிலை. 3 என்பது துள்ளோட்டத்தில் எப்போதும் தெரியும் நிலை. 4 என்பது நடையிலேயே தெளிவாகத் தெரியும் நிலை. 5 என்பது காலைத் தரையில் ஊன்றவே இயலாத, அல்லது நகரவே இயலாத நிலை.

குளம்பை ஆராய்தல்

குளம்பின் வெப்பம் கையால் தொட்டு ஒப்பிடப்படும். குளம்பிற்கு மேலே, கணுவின் பின்புறம் இருமருங்கிலும் செல்லும் தமனியின் துடிப்பு நலமான குதிரையில் மென்மையாக இருக்கும். அது வலிந்து துடிக்குமாயின் குளம்பினுள் அழற்சி உண்டு எனக் கொள்ளலாம். இச்சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. குதிரை வளர்ப்போர் எளிதில் கற்றுக்கொள்ளக் கூடியது. அடுத்து, பெரிய இடுக்கி போன்ற குளம்புக் குறட்டினால் குளம்பு இடம் இடமாக அழுத்தப்படும். வலியுள்ள இடத்தை அழுத்தியதும் குதிரை காலை வெடுக்கென இழுக்கும்.

நரம்பு மரப்பும் படமெடுத்தலும்

வலியின் இடம் தெளிவாகாதபோது, மரப்பு மருந்து காலின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படிப்படியாக நரம்புகளின் அருகே செலுத்தப்படும். எந்த நரம்பு மரத்ததும் நொண்டுதல் குறைகிறதோ, அதன் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் நோய் உள்ளது என அறியலாம். எலும்பு முறிவு ஐயம் இருந்தால் இச்சோதனை தவிர்க்கப்படும். வலி தெரியாத குதிரை முறிந்த காலை ஊன்றி முறிவைப் பெரிதாக்கிவிடும்.

எக்சு கதிர்ப்படம் எலும்பின் நிலையையும் முறிவையும் காட்டும். மென்மையான இழையங்களின் காயங்களைக் காண மீயொலிப் படமும், குளம்பினுள்ளே உள்ள தசைநாண், படகெலும்பு ஆகியவற்றின் நுண்ணிய மாற்றங்களைக் காணக் காந்த ஒத்ததிர்வுப் படமும் பயன்படுகின்றன.

முக்கிய நோய்களும் மருத்துவமும்

குளம்புச் சீழ்க்கட்டி

திடீரெனத் தோன்றும் கடுமையான நொண்டுதலுக்கு மிகப் பொதுவான காரணம் இதுவாகும். வெண்கோட்டின் பிளவு வழியாகவோ சிறு துளை வழியாகவோ நுழையும் நுண்ணுயிரிகள் சீழை உண்டாக்குகின்றன. கடினமான உறையினுள் சீழ் விரிய இடமின்மையால் வலி மிகுகிறது. கால் முறிந்ததோ என அஞ்சும் அளவிற்குக் குதிரை காலை ஊன்றாது நிற்கும். கால்நடை மருத்துவர் சீழ் உள்ள இடத்தைக் கண்டு சிறு வழி திறந்து வடியவிடுவார். பின்னர் வெதுவெதுப்பான எப்சம் உப்பு நீரில் குளம்பை வைத்தல், பற்றுப் போட்டுக் கட்டுதல் ஆகியவை மேற்கொள்ளப்படும். வழி திறக்காவிடில் சீழ் மேல்நோக்கிச் சென்று மேல் வளையத்தில் உடைத்துக்கொண்டு வெளிவரும்.

ஆணி முதலியவை குத்துதல்

அடித்தட்டின் முன்பகுதியில் குத்திய ஆணி பெரும்பாலும் சீழ்க்கட்டியோடு முடியும். முக்கோணத் திண்டிலோ அதன் பள்ளத்திலோ ஆழமாகக் குத்திய ஆணி தசைநாண், படகெலும்பைச் சூழ்ந்த பை, மூட்டு ஆகியவற்றைத் தொட்டுவிடலாம். இது உயிருக்கு ஊறு தரும் அவசர நிலையாகும். ஆணி எவ்வளவு ஆழம், எத்திசையில் சென்றது என்பதைக் கதிர்ப்படத்தால் அறிய, மருத்துவர் விரைவில் வரக்கூடிய நிலையில் ஆணியைப் பிடுங்காது, அது மேலும் உட்செல்லாதவாறு கட்டுப்போட்டு வைத்தல் நன்று. பிடுங்க நேர்ந்தால் குத்திய இடம் அடையாளமிடப்பட வேண்டும். துளை உடனே மூடிக்கொள்வதால் பின்னர் அதனைக் கண்டறிதல் கடினம். குதிரைகள் இரணசன்னி நோய்க்கு மிக எளிதில் ஆட்படுபவை. ஆகவே தடுப்பூசி இன்றியமையாதது.

முக்கோணத் திண்டு அழுகல்

திரஷ் என அழைக்கப்படும் இந்நோய் ஈரமும் சாணமும் சிறுநீரும் தேங்கிய கொட்டில்களில் மிகுதி. திண்டின் பள்ளங்களில் கறுத்த, கடும் நாற்றமுடைய கசிவு காணப்படும். அழுகிய பகுதியை நீக்கித் துப்புரவு செய்து, போவிடோன் அயோடின் அல்லது மயில்துத்தம் கலந்த மருந்து இட்டு, கொட்டிலை உலர்வாக வைப்பதே மருத்துவம். கொட்டில் உலராதவரை மருந்து மட்டும் பயன் தராது.

மென்தகட்டு அழற்சி

லாமினைட்டிசு எனப்படும் இந்நோய் குளம்பு நோய்களுள் மிகக் கொடியது. எலும்பைத் தாங்கும் மென்தகடுகளின் பிணைப்பு தளர்வதால் குளம்பெலும்பு சுழன்றோ கீழிறங்கியோ அடித்தட்டை அழுத்துகிறது. முற்றிய நிலையில் அதனைத் துளைத்தும் வெளிவரலாம். தானியத்தை அளவு மீறித் தின்னுதல், கடுங்கழிச்சல், ஈன்ற பின் நஞ்சுக்கொடி விழாது தங்குதல், உடற்பருமனோடு கூடிய இன்சுலின் கோளாறு, ஒரு காலின் காயத்தால் மறுகால் நெடுநாள் எடை சுமத்தல் ஆகியவை இதன் காரணங்கள்.

நோயுற்ற குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டிக் குதியில் எடையைச் சாய்த்து நிற்கும், திரும்ப மறுக்கும், குளம்பின் தமனி வலிந்து துடிக்கும். தமிழகத்தில் கொள்ளு நெடுங்காலமாகக் குதிரைத் தீவனமாக விளங்குகிறது. கொள்ளோ, நெல், சோளம் முதலிய தானியமோ வைத்த அறைக்குள் குதிரை நுழைந்து தின்றுவிட்டால், நொண்டுதல் தோன்றும் வரை காத்திராது அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். ஏனெனில் தின்பதற்கும் வலி தோன்றுவதற்கும் இடையில் கழியும் காலமே மருத்துவம் மிகுந்த பயன் தரும் காலமாகும். அப்போது குளம்புகளைத் தொடர்ந்து பனிக்கட்டி நீரில் வைத்துக் குளிர்வித்தல் நோயின் கடுமையைக் குறைக்கும். நோய் தோன்றிய பின் வலியடக்கி மருந்து, ஆழமான மணற்படுக்கையில் முழு ஓய்வு, அடித்தட்டிற்குத் தாங்கு, மூல காரணத்திற்கான மருத்துவம் ஆகியவை வழங்கப்படும். நோயுற்ற குதிரையை வலிந்து நடத்துதல் தளர்ந்த பிணைப்பை மேலும் கிழிக்கும்.

படகெலும்பு நோய்

நடுத்தர வயதுடைய குதிரைகளின் இரு முன்னங்கால்களிலும் மெல்ல வளரும் குதிப்பகுதி வலி இதன் இயல்பு. இரு கால்களும் ஒருங்கே வலிப்பதால் நொண்டுதல் தெளிவாகத் தெரியாது. குதிரை குறுகிய அடி வைத்து, குளம்பின் முனையை முதலில் ஊன்றி நடக்கும். சோம்பல் அல்லது பிடிவாதம் எனப் பலரும் இதனைத் தவறாகக் கருதுவதுண்டு. இது முழுமையாகக் குணமாவது அரிது. குளம்பின் சமநிலையைத் திருத்துதல், குதியைத் தாங்கும் சிறப்பு லாடம், வலியடக்கிகள், மூட்டில் செலுத்தும் மருந்து ஆகியவற்றால் வலியைக் கட்டுப்படுத்தலாம்.

வலியடக்கி மருந்துகள் பற்றிய எச்சரிக்கை

ஃபினைல்பியூட்டசோன் முதலிய வலியடக்கிகள் நொண்டுதலை மறைக்குமேயன்றி அதன் காரணத்தை நீக்குவதில்லை. அளவு மீறினால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் உண்டாகும். இம்மருந்தைக் கொடுத்துக் குதிரையை வேலைக்கு அனுப்புவது காயத்தைப் பெரிதாக்கும்.

பராமரிப்பும் லாடமும்

நாள்தோறும் குளம்பின் அடியைக் கொக்கியால் துப்புரவு செய்தல், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீவுதல், லாடமுள்ள குதிரைக்கு அதே கால அளவில் லாடத்தைக் கழற்றி மீண்டும் அடித்தல் ஆகியவை அடிப்படைப் பராமரிப்பு ஆகும். லாடம் தேயவில்லை என்பதற்காகக் காலத்தை நீட்டித்தல் தவறாகும். இரும்பு தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் முனை நீண்டு, குதி தாழ்ந்து, தசைநாணின் மீது இழுவிசை மிகும்.

தமிழகத்தில் லாடம் அடித்தல் என்பது பெரும்பாலும் வண்டி மாடுகளோடு தொடர்புபடுத்தி அறியப்படுகிறது. மாட்டின் பிளவுபட்ட குளம்பிற்கு இரு தனித்தனித் தகடுகள் அடிக்கப்படும். மாட்டைக் கயிற்றால் கட்டித் தரையில் வீழ்த்தி அடிப்பது வழக்கம். குதிரைக்கு ஒரே வளைந்த லாடம், நிற்கும் நிலையில் காலை மடக்கித் தூக்கி அடிக்கப்படும். இரண்டும் வெவ்வேறு திறன்களாகும். மென்மையான தரையில் குறைந்த வேலை செய்யும் குதிரைக்கு லாடமின்றி முறையாகச் சீவுதல் மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.

தமிழகத்தில் குதிரையும் குளம்பு மருத்துவமும்

குதிரை தமிழகத்தின் தாயக விலங்கன்று. கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைச் சங்க இலக்கியமான பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாறும் இவ்வணிகத்தை நினைவூட்டுவதாகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிசுப் பயணி மார்க்கோ போலோ, ஓர்மசு, ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்டதையும், பராமரிப்புத் தெரியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டிற்குள் இறந்ததையும் பதிவு செய்துள்ளார். லாடம் அடிப்போரும் குதிரை வைத்தியரும் இந்நாட்டில் இல்லை என்றும், விற்பனை குறைந்துவிடும் என அஞ்சி அத்தகையோர் இங்கு வருவதை வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் எழுதினார். ஒரு வெளிநாட்டாரின் கூற்று என்ற அளவில் இதனைக் கொள்ள வேண்டுமாயினும், குளம்பைக் காக்கத் தெரிந்தவரின்றிக் குதிரையை மட்டும் வாங்குவதன் இழப்பை இக்குறிப்பு காட்டுகிறது. இந்தியாவில் சாலிஹோத்திரர், நகுலர் ஆகியோரின் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவ நூல்கள் வடமொழியில் உள்ளன.

நவீன கால்நடை மருத்துவக் கல்வி தமிழகத்தில் 1903 ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோடு தொடங்குகிறது. பின்னர் வேப்பேரிக்கு இடம் மாறிய இக்கல்லூரி 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக இது இயங்குகிறது.

தமிழகக் குதிரைகள் நிற்கும் தரையும் செய்யும் வேலையும் இடத்திற்கு இடம் வேறுபடுகின்றன. மெரினா கடற்கரையில் சவாரிக் குதிரைகள் மணலிலும், உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய மலைநகரங்களில் மட்டக் குதிரைகள் சரிவான சாலைகளிலும், திருமண ஊர்வலக் குதிரைகள் தார்ச் சாலையிலும் நடக்கின்றன. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டி நடைபெறும் சந்தையில் குதிரைகள் விற்கப்படுகின்றன. இத்தகைய சந்தையில் வாங்குவோர் குதிரையின் நிறம், சுழி ஆகியவற்றோடு நில்லாது, நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, கடினத் தரையில் ஓட்டிப் பார்த்து வாங்குதல் நலம்.

சென்னைப் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவ காலத்தில் பெய்கிறது. நீர் தேங்கும் இம்மாதங்களில் குளம்பு மென்மையடைந்து திண்டு அழுகலும் சீழ்க்கட்டியும் மிகும். கோடையில் குளம்பு உலர்ந்து வெடிப்புகள் தோன்றும். அம்பத்தூர், ஆவடி, நெமிலிச்சேரி, பூந்தமல்லி முதலிய மேற்குப் புறநகர்களில் வயல்வெளிகள் மனைகளாகவும் சாலைகளாகவும் மாறிவருகின்றன. கட்டுமானம் நடைபெறும் இத்தகைய நிலங்களில் மேயவிடப்படும் குதிரைக்கு ஆணியும் கம்பித் துண்டும் கூடுதல் இடராகும். பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே அமைந்துள்ள நெமிலிச்சேரி போன்ற ஊரிலிருந்து வேப்பேரியிலுள்ள கல்லூரி மருத்துவமனை நடத்திச் செல்லும் தொலைவில் இல்லை. ஆணி குத்திய, அல்லது மென்தகட்டு அழற்சி ஐயமுள்ள குதிரையை அவ்வாறு நடத்துவது நோயை முற்றச் செய்யும். உள்ளூர்க் கால்நடை மருத்துவரை நின்ற இடத்திற்கு அழைத்து முதலுதவி பெற்ற பின், வண்டியில் ஏற்றிச் செல்வதே முறையாகும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை 1962 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம்.

சட்டம்

1960 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, வயது, நோய், காயம், புண் ஆகியவற்றால் வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது குற்றமாகும். நொண்டும் குதிரையில் சவாரி செய்வதும் சவாரிக்கு விடுவதும் இதன்கீழ் அடங்கும். நடையிலேயே நொண்டுதல் தெரியுமாயின் அக்குதிரைக்கு அன்றே ஓய்வளித்து, குளம்பு ஆராயப்பட வேண்டும்.